முத்தா, வெறும் மணியா?

அம்மாவின் பிறந்தநாளுக்காகச் சேர்த்த பணம் கையில். பிரபல நிறுவனத்தின் முத்துமாலையை ஒருவர் பாதி விலைக்கு விற்கிறார். அவர் அணிந்து பழகியதுதான். வாங்கலாமா?

அனுமதி கேட்டு, இரண்டு மணிகளை மெதுவாக உரசிப் பாருங்கள் மாணவர்களே. நறநறவென்றிருந்தால் பெரும்பாலும் சிப்பியில் விளைந்த முத்து. வழுக்கினால் கண்ணாடியாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். சிலர் பல்லில் உரசுவார்கள். பிறர் அணிந்த நகை, வேண்டாமே!

ஏன் இந்த நறநறப்பு? சிப்பி, கால்சியம் கார்பனேட்டை நுண்ணிய தகடுகளாக்கி, புரதத்தால் ஒட்டி அடுக்குகிறது. விரல் உணர்வது அத்தகடுகளின் விளிம்புகளைத்தான். ஒரு தகட்டின் தடிமன் ஏறக்குறைய 0.5 மைக்ரோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய அதே அளவு (0.4 முதல் 0.7 வரை). அதனால் பல அடுக்குகளிலிருந்து திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் குறைத்தும் மெல்லிய வானவில் நிறங்களைத் தருகின்றன.

அடுத்து, நூல் கோத்த துளையை உருப்பெருக்கியில் பாருங்கள். போலியில் பூச்சு உரிந்திருக்கும். வினிகர் சோதனை மட்டும் வேண்டாம். அமிலத்தில் கார்பனேட் கரையும் என்று படித்திருக்கிறீர்களே, உண்மை முத்துதான் பாழாகும்! இயற்கை முத்தா, பண்ணையில் வளர்த்ததா என்பதை உரசியெல்லாம் அறிய முடியாது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும்.

இன்னொன்று: மணி போலி என்றால் மாலையும் போலி என்று முடிவுகட்டாதீர்கள். சானல் நிறுவனமே செயற்கை முத்துகளில் புகழ்பெற்ற மாலைகளைச் செய்திருக்கிறது. நிறுவனம் அந்த மாலையில் எதைக் கோத்தது என்பதை முதலில் தேடிப் படித்துவிட்டு, பிறகு உரசுங்கள்.