தீயில் வெந்த கல்லைக் கண்டறியும் முறை

நொய்யலாற்றின் கரையில் இரத்தினத் தொழில் எவ்வளவு பழையதென்பதற்கு, பதிற்றுப்பத்திலே கொடுமணம் என்று பேர்பெற்று, 1985-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தொடங்கிய அகழாய்வில் கல்மணிப் பட்டறைகளின் சின்னங்களை வெளிக்காட்டிய கொடுமணலும், மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் தாதுவான குருந்தம் விளையும் சிவன்மலையும், பெரில் தோண்டிய படியூருமே சாட்சி. ஆயினும் இன்று கோயமுத்தூர் நகைக்கடைகளில் நாம் விரும்பிக் கேட்கும் மாணிக்கமும் நீலமும் பெரும்பாலும் அயல்நாடுகளிற் பிறந்து, நிறம் கூடும்பொருட்டு உலையிலே வெந்து வந்தவை. சூடேற்றுவது பாவமன்று, அதை மறைத்து, வேகாத கல்லின் விலையை வாங்குவதே வஞ்சகம்.

பரீட்சைக்கு வேண்டியவை பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று, கூரிய ஒளியுள்ள சிறு டார்ச் ஒன்று, கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. கல்லை நகையில் பதிப்பதற்கு முன்பே பார்த்துவிடவேண்டும். பின்புறம் மூடிய அடைப்புக் கட்டடத்தில் உட்கார்ந்த கல் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

கல்லை மென்துணியால் துடைத்து, கறுப்புக் காகிதத்தின்மேல் பிடித்து, ஒளியைப் பக்கவாட்டிற் பாய்ச்சி, மெல்லத் திருப்பிக்கொண்டே லென்ஸினூடே நோக்குக. இலங்கை, பர்மா கற்களில் ரூட்டைல் என்னும் தாதுவின் ஊசிகள் மூன்று திசைகளில் ஓடி, ஒன்றையொன்று 60 பாகையில் வெட்டி, ஒரு சாய்வில் மட்டும் சட்டென்று பளபளக்கும். வியாபாரிகள் இதைச் 'சில்க்' என்பர். இவ்வூசிகள் முனை முறியாமல் தொடர்ச்சியாக இருந்தால், அக்கல் கடும் அக்கினியைக் காணவில்லை எனலாம். சுமார் 1600 பாகை செல்சியஸில் அவை கல்லுக்குள்ளேயே கரைந்து, புள்ளி வரிசைகளாகவோ மங்கிய புகையாகவோ எஞ்சும். கரைந்த டைட்டானியம் இரும்போடு சேர்ந்து நீலத்தைப் பிறப்பிக்கும். இலங்கையில் மதிப்பற்றுக் கிடந்த பால்வெண்மைக் கெவுடாக் கற்களை 1970-களில் தாய்லாந்து வணிகர் வாங்கிப்போய் நீலமாக்கிய இரகசியம் இதுவே.

அடுத்து, உள்ளே சிறைப்பட்ட அயற்படிகங்களைத் தேடுக. சூட்டில் அவை விரிந்தோ உருகியோ தம்மைச் சுற்றி வட்டத்தட்டுப் போன்ற விரிசலை உண்டாக்கும். இயற்கையிலும் இத்தகைய விரிசல் உண்டாதலால், படிகம் உருக்குலைந்து வெண்மை பூத்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தே தீர்மானிக்கவேண்டும்.

பிறகு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் ஊற்றிக் கல்லை அமிழ்த்தி, அடியில் வெள்ளைக் காகிதம் வைத்து நோக்கினால் நிறம் எங்கே தங்குகிறது என்பது புலப்படும். நேர்கோட்டுப் பட்டைகள் இயற்கையின் கையெழுத்து. வளைந்த கோடுகள் செயற்கைக் கல்லின் குறி. தீட்டிய முகங்களின் விளிம்புகளில் மட்டும் நிறம் திரண்டிருந்தால், மேற்பரப்பினின்று நிறத்தை ஊடுருவச் செய்த கல் என்று சந்தேகிக்கலாம்.

மாணிக்கம் வாங்குவோர் விரிசல்களிலே விசேஷ சிரத்தை கொள்ளவேண்டும். பர்மாவின் மோங் சு சுரங்கக் கற்களைப் போரக்ஸோடு வேகவைக்கையில், விரிசல்கள் உருகிய துளிகளின் வலைபோல் மூடிக்கொள்ளும். ஈயக்கண்ணாடி ஊற்றி நிரப்பிய கல்லோ, அசைக்கும்போது விரிசலில் நீலமும் செம்மஞ்சளுமாக மின்னும். உள்ளே காற்றுக் குமிழும் தெரியும். அப்படிப்பட்ட கல்லை எலுமிச்சைச் சாறே அரித்துவிடும். ஆசாரியின் ஊதுகுழல் தீயும் ஆகாது.

இவ்வளவு செய்தும் ஓர் எல்லை உண்டு என்பதை நான் வற்புறுத்திச் சொல்லவேண்டும். மாணிக்கத்தின் ஊதாச் சாயலைப் போக்க இலங்கையில் தொன்றுதொட்டு ஊதுகுழலால் கரிநெருப்பில் இட்ட மிதச்சூடு, சில்க்கைத் தொடாமலே போய்விடக்கூடும். நிறத்துக்காகப் பெரிலியம் ஊட்டிய கல்லை நிச்சயிக்க லேசர் வழி இரசாயனப் பகுப்பு வேண்டும். ஆகவே பெருந்தொகை கொடுக்குமுன் கல்லைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, 'சூடேற்றிய அறிகுறி இல்லை' என்ற வாசகம் சான்றிதழில் உண்டா என்று பார்த்து, அதிற்கண்ட காரட் எடையையும் அளவுகளையும் கையிலுள்ள கல்லோடு கடையிலேயே நிறுத்தும் அளந்தும் ஒப்பிட்ட பின்னரே பணத்தை எண்ணுக.