தராசுக்கும் ஜாவாவுக்கும் நடுவே

பாலக்காடு – பொள்ளாச்சி பாதை 2008 வரை மீட்டர் கேஜ். 2015-இல்தான் பிராட் கேஜாகத் திறந்தது. 1000 மில்லிமீட்டர் பாதையின் வண்டி 1676 மில்லிமீட்டர் பாதையில் ஏறாது. அதற்கு எஞ்சினையும் குறை சொல்ல முடியாது, தண்டவாளத்தையும் குறை சொல்ல முடியாது. ரயில்வேயில் இதைப் பார்த்துப் பழகிய எனக்கு, ஓய்வுக்குப் பின் கணினியில் அதே பழுதைக் கண்டபோது வியப்பாக இல்லை.

ஜாவா நிரல் தனக்கென உள்ள மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுவது. சி மொழி நிரல் நேரே கணினியில் ஓடுவது. ஒன்று மற்றொன்றை அழைக்க, 1997-இல் ஜே.டி.கே. 1.1 உடன் வந்த வழிதான் ஜே.என்.ஐ. அப்பாச்சி வலைச் சேவையகத்தையும் டாம்கேட்டையும் இணைக்கும் மாட்-ஜே.கே.யில்கூட முன்பு இந்த வழி இருந்தது. ஜாவா இயந்திரத்தையே சேவையகத்தின் வயிற்றுக்குள் வைப்பார்கள்; அது விழுந்தால் இதுவும் விழும். பிற்பாடு கைவிட்டார்கள், நல்லதாயிற்று.

இடுக்கியில், கட்டப்பனை அருகே ஓர் ஏலக்காய் வணிகரின் கொள்முதல் கணக்கு டாம்கேட்டில் ஓடுகிறது. மின்னணுத் தராசின் எடையை சீரியல் போர்ட் வழியே படிக்க ஆர்.எக்ஸ்.டி.எக்ஸ். என்ற நூலகம், அதன் பாதி ஜாவா, பாதி சி. புதிய கணினி வந்த அன்றே எடை வரவில்லை. விவசாயிகள் மூட்டையுடன் நிற்க, எடையைக் கையால் எழுதினார்கள். ஏலக்காயில் நூறு கிராம் கூடக் குறைய எழுதினால் என்ன சண்டை வரும் என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அன்பர்கள் கவனிக்க: 'அன்சாட்டிஸ்ஃபைடு லிங்க் எரர்' என்ற பெயர் எப்போதும் ஒன்றுதான், பின்னால் வரும் வரிதான் நோயைச் சொல்லும். ஜாவா.லைப்ரரி.பாத்தில் இல்லை என்று வந்தால், தேடும் இடத்தில் கோப்பு இல்லை. 32 பிட் கோப்பை 64 பிட்டில் ஏற்ற முடியாது என்று வந்தால் கேஜ் வேறுபாடு. அங்கே கண்டது இதுதான். பழைய கணினியின் டி.எல்.எல். கோப்பை அப்படியே நகலெடுத்திருந்தார்கள். 64 பிட் கோப்பை வைத்ததும் எடை வந்தது.

ஒரு வாரம் கழித்து நிரலில் ஏதோ திருத்தி, டாம்கேட்டை நிறுத்தாமலே மறுபடி ஏற்றினார்கள். மீண்டும் அதே எரர்! இம்முறை வரி வேறு: நூலகம் வேறொரு கிளாஸ்லோடரில் ஏற்கனவே ஏற்றப்பட்டுள்ளது. டாம்கேட் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனி கிளாஸ்லோடர் தரும். மறுபடி ஏற்றினால் புதியது வரும். பழைய லோடர் நினைவகத்திலிருந்து அகலும்வரை சி நூலகம் அதன் கையில்தான். ஒற்றைப் பாதையில் டோக்கன் முறை அறிந்தவர்களுக்கு இது எளிது. முன் சென்ற வண்டி டோக்கனை ஒப்படைக்காமல் அடுத்த வண்டி கிளம்பாது.

ஆர்.எக்ஸ்.டி.எக்ஸின் ஜார் கோப்பைப் பயன்பாட்டின் வெப்-இன்ஃப் அடைவிலிருந்து எடுத்து, டாம்கேட்டின் பொது லிப் அடைவில் வைத்தோம். பழைய இடத்தில் ஒரு பிரதி இருந்தாலும் பயனில்லை. பயன்பாட்டின் லோடர் முதலில் தன் வீட்டில்தான் தேடும். டாம்கேட்டை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினோம். பின்னர் இருமுறை நிரலை மாற்றி ஏற்றியும் எடை தடையின்றி வந்தது.