சாவி கொடுக்கிற வாட்ச் வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பழைய எச்.எம்.டி. ஜனதா வாட்ச்களை வாங்கி, பழுது பார்த்து விற்கப் போவதாக எழுதியிருந்தாய். கை பழக நல்ல வாட்ச் அது. 17 ஜுவல், பிரித்தால் பயமுறுத்தாத மெஷின். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி. தொடங்கிய வாட்ச் தொழில். 2016-இல் அந்த வாட்ச் கம்பெனியை மூட முடிவாகிவிட்டது. இனி உதிரிபாகம் வேண்டுமென்றால் ஓடாத இன்னொரு ஜனதாவைத்தான் தேட வேண்டும்.

‘நாளைக்கு எத்தனை செகண்ட் தப்பும்?’ என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் சான்று பெறும் மெஷினுக்கே சராசரியாக நாளுக்கு 4 செகண்ட் பிந்தவும் 6 செகண்ட் முந்தவும் இடம் உண்டு. வயசான ஜனதா தினமும் அதே 20 செகண்ட் முந்தினால் கவலையே வேண்டாம். ரெகுலேட்டரை மயிரிழை நகர்த்தினால் சரியாகிவிடும். இன்றைக்கு 5 முந்தி, நாளைக்கு 25 பிந்துவதுதான் வம்பு.

வாட்சின் டிக்-டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபரில் டயல் மேலே பார்க்க வைத்து ஒரே தடவை பார்த்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுத்துவிடாதே. விற்கிறவர் காட்டுவதும் அந்த ஒரு நிலையைத்தான். கவிழ்த்து வை, சாவிக் குமிழ் கீழே வரும்படி நிறுத்தி வை. படுத்திருக்கையில் 280 டிகிரி ஆடிய பேலன்ஸ் சக்கரம், வாட்சை நிறுத்தி வைத்ததும் 190-க்கு இறங்கினால், ஆயில் காய்ந்திருக்கும் அல்லது பிவட் தேய்ந்திருக்கும். (டைம்கிராஃபரில் அந்த மெஷினுக்குரிய லிஃப்ட் ஆங்கிளைத் தப்பாக வைத்திருந்தால் இந்த டிகிரிக் கணக்கே பொய்.) சாவி முழுக்கக் கொடுத்து, மறுநாள் அதே நேரத்தில் இன்னொரு தடவை பார். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் பேரம் எதற்கு?

திடீரென்று நாளுக்குப் பத்து நிமிஷம் முந்துகிற வாட்சைக் கண்டு மிரளாதே. பெரும்பாலும் ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறிச் சுருள்கள் ஒட்டியிருக்கும். டீமேக்னடைசர் அதைச் சரிசெய்துவிடும். விவரம் தெரியாதவர்கள் இப்படிப்பட்ட வாட்சைத்தான் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

பராமரிப்பை விற்கும்போதே சொல்லிவிடு: நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை முழுக்கப் பிரித்துக் கழுவி ஆயில் வைக்க வேண்டும். ‘ஓடுதே, எதுக்கு?’ என்பார்கள். ஓடிக்கொண்டேதான் பிவட் அரைபடும்.

வாங்கும்போது பின்மூடியின் உட்புறத்தைப் பார். பழைய மெக்கானிக்குகள் சர்வீஸ் செய்த தேதியை அங்கே ஊசியால் கீறி வைப்பார்கள். கடைசிக் கீறல் 1998 என்றால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் சர்வீஸ் செலவைக் கழித்துக்கொண்டே விலை பேசு.

அன்புடன்,
அண்ணன்