பிரிட்ஜ் ஸ்டெபிலைசரும் மின்நிலைய ஸ்டெபிலைசரும்

கேள்வி: எங்கள் வீட்டு பிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறோம். பெரிய மின்நிலையங்களிலும் ‘பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசர்’ உண்டு என்கிறான் என் மகன். அதுவும் வோல்டேஜை ஏற இறங்க விடாமல் பிடித்து வைக்கத்தானே?
— வாசகி, தேனி

பதில்: உங்கள் மகன் சொன்னது சரி. ஆனால் வேலை ஏறக்குறைய நேர்மாறு. வீட்டுப் பெட்டி வோல்டேஜை அசையாமல் காக்கிறது. மின்நிலையத்துப் பெட்டியோ வேண்டுமென்றே அதைச் சற்று அசைத்துவிடுகிறது.

வோல்டேஜைக் காக்க அங்கே ஏ.வி.ஆர். என்ற வேறொரு கருவி இருக்கிறது. ஜெனரேட்டருக்குள் சுழலும் பாகத்துக்கு ரோட்டர் என்று பெயர். அதன் காந்தச் சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து ஏ.வி.ஆர். தன் வேலையைச் செய்கிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

நீண்ட மின்தடம் ஒன்றின் இரு பக்கமும் டன் கணக்கில் எடையுள்ள ரோட்டர்கள் ஒத்த வேகத்தில் சுழல்கின்றன. எங்கோ ஒரு லைன் ‘டிரிப்’ ஆனால் ஒரு பக்கத்து ரோட்டர்கள் இம்மியளவு முந்தும், மறுபக்கத்தவை பிந்தும். அடுத்த நொடிகளில் இது தலைகீழாகும். அதற்கேற்ப லைனில் போகும் மின்சாரமும் கூடிக் குறையும். இதுதான் மின்திறன் ஊசலாட்டம். பொதுவாகத் தானே அடங்கிவிடும். ஆனால் லைனில் பாரம் மிகும்போது, வேகமாகச் செயல்படும் ஏ.வி.ஆர். அதை வளர்த்துவிடக்கூடும். வோல்டேஜ் மாறியதைக் கண்டதும் அது திருத்துகிறது. சுருளில் மின்னோட்டம் மாறச் சற்று நேரம் பிடிக்கிறது. திருத்தம் வந்து சேர்வதற்குள் ரோட்டர் திரும்பியிருக்கும். ஊஞ்சலை அது போகும் திசையிலேயே தள்ளிவிடுவது போலத்தான். டி மெல்லோ, கன்கார்டியா என்ற இரு பொறியாளர்கள் 1969-ல் இதைக் கணக்கோடு விளக்கினார்கள்.

இதைத் தடுக்கத்தான் பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசர். அது வோல்டேஜைப் பார்ப்பதில்லை, ரோட்டரின் வேகத்தைக் கவனிக்கிறது. ரோட்டர் முந்தினால் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றும்படி ஏ.வி.ஆருக்குச் சொல்லும். ஜெனரேட்டர் கூடுதல் மின்சாரம் தர நேரும். அந்தச் சுமையே பிரேக். பிந்தினால் வோல்டேஜை இறக்கிச் சுமையைக் குறைக்கும். சுருளின் தாமதத்தை ஈடுகட்ட, கட்டளையை அந்த அளவுக்கு முன்னதாகவே கொடுக்க வேண்டும். இந்த நேரக்கணக்கை அமைப்பதுதான் டியூனிங். அது பிசகினால் ஸ்டெபிலைசரே ஊசலைத் தூண்டிவிடும்.

ஸ்டெபிலைசரின் அருமை 1996 ஆகஸ்ட் 10-ல் தெரிந்தது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் வெயிலில் தொய்ந்த 500 கிலோவோல்ட் லைன் ஒன்று மரத்தைத் தொட்டு ‘டிரிப்’ ஆனது. சில நிமிடங்களில் கொலம்பியா நதிக்கரை மெக்னாரி நீர்மின் நிலையத்தின் ஜெனரேட்டர்களும் ஒவ்வொன்றாக விலகின. நான்கு நொடிக்கு ஒருமுறை என ஊசல் பெரிதாகிக்கொண்டே போய், மேற்கு அமெரிக்க மின்தொகுப்பே நான்கு துண்டுகளாகப் பிரிந்தது. சுமார் 75 லட்சம் இணைப்புகள் இருண்டன. அதுவரை நம்பியிருந்த கணினி மாதிரியில் அதே நிகழ்வை ஓட்டிப் பார்த்தால், ஊசல் அடங்கிவிடுவதாகக் காட்டியது! மாதிரியைத் திருத்திய பிறகு நடந்த ஆய்வில், கலிபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையத்தில் ஸ்டெபிலைசர் சேர்த்து, அரிசோனாவின் பாலோ வெர்டேயில் இருந்ததை மறுபடி டியூன் செய்தாலே அந்த ஊசல் வளராமல் தணியும் என்று தெரியவந்தது.