சைக்கிள் செயினில் எண்ணெய் வழியக் கூடாது

பிளஸ் ஒன்னில் பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள், பிள்ளை காலேஜ் போனதும் அப்பாவின் கழனி வண்டியாகிவிடும். நெமிலிப் பக்கத்து வரப்பு மண்ணும் ஏரிக்கரைப் புழுதியும் அதன் செயினில்தான் போய் அப்பிக்கொள்கின்றன.

1. கறகறவென்று சத்தம் வந்தால் உடனே எண்ணெய் விடாதீர்கள். வெளியே வழியும் எண்ணெயில் மண் ஒட்டி, பல்சக்கரத்தை அரைத்துத் தின்றுவிடும். முதலில் அழுக்கு போகட்டும்.

2. ரேஷனில் மண்ணெண்ணெய் முன்போல் வருவதில்லை. அழுக்கைக் கரைக்கக் கால் லிட்டர் டீசல் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

3. செயின் லாக்கின் கிளிப்பைக் குறடால் தள்ளினால் செயின் கழன்று வரும். டீசலில் அரை மணி ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக வெயிலில் காயவையுங்கள். திரும்ப மாட்டும்போது கவனம்: செயினின் மேல் ஓட்டத்தில் கிளிப்பின் மூடிய முனை ஹேண்டில்பார் பக்கம் இருக்க வேண்டும். மாறிப்போனால் வழியிலேயே கழன்று விழலாம்.

4. ஃப்ரீவீலுக்குள் டீசல் ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கிற கிரீஸ் கரைந்துவிடும். பல்லை மட்டும் துணியால் துடைத்தால் போதும்.

5. எண்ணெய் ஒவ்வொரு உருளைக்கும் ஒரே சொட்டு. பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, பத்து நிமிடம் விட்டு, பனியன் துணியால் அழுத்தித் துடையுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்; வெளியே பளபளப்பது வீண். தேங்காயெண்ணெய் பிசினாகிவிடும். மெக்கானிக் கடையில் வடித்த கறுப்பு ஆயில் இலவசமாகக் கிடைக்கும்தான், ஆனால் அதில் இரும்புத் துகள் இருக்கும்.

6. இரும்பு டேப்பால் அளந்தால் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் வர வேண்டும். ஒன்றரை மி.மீ. நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். மூன்று மி.மீ. ஆகியிருந்தால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.

7. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் வெட்டுத் துண்டுக்கா பஞ்சம்? விரல் அகல வாரை வீல் ஹப்பின் மேல் தளர்வாக வளையம் போல மாட்டிவிடுங்கள். சக்கரம் சுற்றச் சுற்ற அதுவே புழுதியைத் துடைத்துவிடும்.

8. அழுக்கு டீசலைக் கால்வாயில் கொட்டாதீர்கள். தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன கதை. பாட்டிலில் ஊற்றி வைத்தால் கசடு அடியில் தங்கும், மேல் தெளிவு அடுத்த முறைக்கு ஆகும்.

9. கைக் கறைக்குத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சீயக்காய்த் தூள் போட்டுக் கழுவுங்கள்.