ஒரு துளிக் குருதியின் சான்று

நுழையும்முன்

காய்ச்சல் என்று மருத்துவமனைக்குச் செல்பவரின் விரல்நுனியில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அத்துளியில் எதைத் தேடுகின்றனர், கிடைத்த எண்களை எவ்வாறு படிக்கின்றனர் என்பன பெரும்பாலோர் அறியாதவை. மலேரியா, இரத்தசோகை ஆகிய இரண்டின் வழியாக அவற்றை இப்பாடம் விளக்குகிறது.

லாவரான் கண்ட துடிப்பு

1880ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள். அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் இருந்த இராணுவ மருத்துவமனையில், அல்போன்ஸ் லாவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் காய்ச்சலுற்ற படைவீரர் ஒருவரின் இரத்தத்தை நுண்ணோக்கியில் நோக்கிக்கொண்டிருந்தார். சாயம் ஏற்றப்படாத புது இரத்தம் அது. சிவப்பணுக்களுக்கு நடுவே கருநிறத் துகள்கள் கொண்ட ஓர் உருண்டை தெரிந்தது. அதன் விளிம்பிலிருந்து மெல்லிய இழைகள் சாட்டையைப்போல் துடித்தன. இவ்வாறு துடிப்பது உயிருள்ளதாகவே இருத்தல் வேண்டும் என்று லாவரான் முடிவு செய்தார்.

சதுப்புநிலத்திலிருந்து எழும் காற்றே இக்காய்ச்சலுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளே 'கெட்ட காற்று' என்பதுதான். தமிழிலோ காரணத்தைக் கொண்டு அன்றி, வந்துபோகும் விதத்தைக் கொண்டு அதற்கு 'முறைக்காய்ச்சல்' என்று பெயரிட்டனர். இரண்டனுள் தமிழ்ப்பெயரே உண்மைக்கு நெருக்கமானது.

லாவரானின் கூற்றை அறிஞர் பலர் உடனே ஏற்கவில்லை. ஒட்டுண்ணி உடலுக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதும் விளங்கவில்லை. அல்மோராவில் பிறந்து இந்திய மருத்துவப் பணியில் இருந்த ரொனால்டு ராஸ், 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்தராபாத்தில் ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் அதே கருநிறத் துகள்களைக் கண்டார். ராஸ் 1902ஆம் ஆண்டிலும், அவருக்கு முன்னரே ஒட்டுண்ணியைக் கண்ட லாவரான் 1907ஆம் ஆண்டிலும் நோபல் பரிசு பெற்றனர்.

காய்ச்சலின் முறை

அனோபிலிஸ் பெண்கொசுவின் கடியால் உடலுக்குள் வரும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகுகிறது. பின்னரே சிவப்பணுக்களுக்குள் புகுகிறது. அங்கு ஈமோகுளோபினை உண்டு வளர்ந்து பலவாகப் பிரிகிறது. ஏறத்தாழ 48 மணி நேரத்தில் சிவப்பணு வெடிக்க, வெளிவந்த ஒட்டுண்ணிகள் புதிய அணுக்களைத் தேடிச் செல்கின்றன. பெருந்தொகையான அணுக்கள் ஒரே வேளையில் வெடிக்கும்போது உடல் நடுங்கிக் குளிரும், காய்ச்சல் ஏறும், வியர்த்து இறங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காய்ச்சலின் முறை இதுவே. ஈமோகுளோபினை உண்டபின் எஞ்சும் கழிவுதான் லாவரானும் ராஸும் கண்ட கருநிறத் துகள்.

மலேரியாவும் இரத்தசோகையும் உறவுடையன என்பது இங்கேயே புலனாகிறது. எனினும், ஒட்டுண்ணி வெடிக்கச் செய்த அணுக்களின் இழப்பு மட்டுமே சோகைக்குக் காரணம் அன்று. ஒட்டுண்ணி புகாத அணுக்களையும் மண்ணீரல் பெருமளவில் அழித்துவிடுகிறது. புதிய அணுக்களை ஆக்கவேண்டிய எலும்பு மச்சையின் பணியும் தளர்கிறது. வருவாய் குறைந்து செலவு மிகுந்த இல்லத்தின் நிலை அது. சிறு குழந்தைகளிடம் சில நாள்களிலேயே ஈமோகுளோபின் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடக் கூடும்.

கண்ணாடி வில்லையில்

ஆய்வுக்கூடத்தில் ஒரே வில்லையில் இருவகைப் பூச்சுகள் இடப்படுகின்றன. தடித்த பூச்சில் பல அடுக்குச் சிவப்பணுக்கள் உள்ளன. சாயம் ஏற்றும்போது அவை கரைந்துபோக, ஒட்டுண்ணிகள் எஞ்சுகின்றன. அதிக இரத்தத்தைக் குறைந்த நேரத்தில் தேட இது உதவும். மெல்லிய பூச்சில் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரவியிருப்பதால் ஒட்டுண்ணியின் இனத்தை அறியலாம். வைவாக்ஸ் இனம் புகுந்த சிவப்பணு இயல்பைவிடப் பெருத்துக் காணப்படும். பால்சிபாரம் இனம் மெல்லிய மோதிரம்போல் தோன்றும். சில வேளைகளில் ஓர் அணுவிலேயே இரண்டு மோதிரங்கள் இருக்கும். பிறை வடிவம் தென்பட்டால் பால்சிபாரம் என்பதில் ஐயமில்லை. உயிருக்கு உலைவைப்பது பெரும்பாலும் அவ்வினமே. ஆகவே, இனம் அறிதல் மருந்தைத் தேர்வதற்கு இன்றியமையாதது.

ஒருமுறை ஒட்டுண்ணி தென்படவில்லை என்பதால் மலேரியா இல்லை என்று கூறிவிட முடியாது. ஐயம் நீடித்தால் மறுபடியும் பூச்சு எடுத்துப் பார்ப்பதே முறை. சில நிமிடங்களில் முடிவு தரும் விரைவுச் சோதனைப் பட்டை, நுண்ணோக்கி இல்லாத சிற்றூர்களில் பெருந்துணை புரிகிறது. ஆயினும், அவற்றுள் ஒருவகை ஒட்டுண்ணியைக் காண்பதில்லை. அது வெளியிடும் புரதத்தையே காண்கிறது. நோய் தீர்ந்த பின்னும் அப்புரதம் சில வாரங்கள் இரத்தத்தில் தங்கியிருக்கும். எனவே, மருந்து பலித்ததா என்று அறிய வில்லையையே நாட வேண்டியுள்ளது.

எண் சொல்வதும் சொல்லாததும்

இரத்தசோகையை முதலில் காட்டுவது ஈமோகுளோபின் அளவு. கருவுறாத மகளிர்க்கு ஒரு டெசிலிட்டரில் 12 கிராமுக்கும், கருவுற்றோர்க்கு முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் 11 கிராமுக்கும், ஆடவர்க்கு 13 கிராமுக்கும் குறைந்தால் சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் 57 விழுக்காட்டினர் சோகையுடையோர். 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களிடம் இது 59 விழுக்காடு. பதினோராம் வகுப்பு மாணவியர் இவ்வயதினரே.

இரத்தசோகை என்பது முடிவான நோய்ப்பெயர் அன்று. ஏதோ ஒரு காரணத்தின் விளைவு. அக்காரணத்தைத் தேட, முழு இரத்த எண்ணிக்கை என்னும் வழக்கமான சோதனையின் பிற வரிகளையும் படித்தல் வேண்டும். தாளைப் பெற்றதும் ஈமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்போரே மிகுதி. சிவப்பணுவின் சராசரிப் பருமன் என்று ஒரு வரி உண்டு. வளர்ந்தோர்க்கு அது 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இருப்பது இயல்பு. சிறுத்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவையோ தலசீமியாவையோ எண்ணலாம். பெருத்திருந்தால் ஃபோலிக் அமிலமோ வைட்டமின் பி12ஓ குறைந்திருக்கலாம். மலேரியாவினால் வந்த சோகையில் பருமன் பெரும்பாலும் மாறுவதில்லை. இரத்தத்தட்டுகளின் எண்ணிக்கை குறைந்து காணப்படும்.

இங்கு ஓர் இடர் உண்டு. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், காய்ச்சலின்போது தானே உயரும் இயல்புடையது. இரும்புச்சத்துக் குறைந்த ஒருவருக்கு மலேரியா வந்தால், சோதனைத்தாள் அவருக்கு இரும்பு போதிய அளவு உள்ளதாகக் காட்டிவிடக் கூடும்.

பம்பாயில் லூசி வில்ஸ்

சிவப்பணுவின் பருமனைக் கூர்ந்து நோக்கியதால் விளைந்த பெரும்பயனுக்கு லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவரின் பணி சான்றாகும். 1928ஆம் ஆண்டில் அவர் பம்பாய்க்கு வந்தார். துணியாலைகளில் பணியாற்றிய ஏழைப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கடும் சோகைக்கு ஆளாகி உயிரிழந்துகொண்டிருந்தனர். அவர்களுடைய சிவப்பணுக்கள் இயல்பைவிடப் பெரியனவாக இருந்தன. கிருமித்தொற்று காரணமாகலாம் என்று தேடியதில் பயன் விளையவில்லை. பின்னர் அவர் அப்பெண்களின் உணவை ஆராய்ந்தார். குன்னூரில் இருந்த ஆய்வுக்கூடத்திலும் சிறிது காலம் பணியாற்றினார்.

குறையுள்ள உணவைக் கொடுத்து வளர்த்த குரங்குகளுக்கு அத்தகைய சோகை வந்தது. ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தவுடன் அது நீங்கியது. கடைகளில் எளிதாகக் கிடைத்த அதே சாற்றை அவர் நோயுற்ற பெண்களுக்கும் கொடுத்தார், அவர்கள் தேறினர். 1931இல் இம்முடிவு வெளியானது. குணமாக்கிய பொருள் யாது என்பது அப்போது தெரியாது. பத்தாண்டுகளுக்குப் பின் பசலையினக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் நீலநிற மாத்திரையில் இரும்புடன் சேர்ந்திருப்பது இதுவே.

நீலகிரியில் அரிவாள்

மலேரியாவும் இரத்தசோகையும் வேறொரு வகையிலும் பிணைந்துள்ளன. 1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து, சிலரிடம் சிவப்பணுவை அரிவாள்போல் வளையச் செய்யும் மரபணு இருப்பதைக் கண்டனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அம்மரபணுவைப் பெறும் குழந்தை கடும் சோகையாலும் தாங்கொணா வலியாலும் துன்புறும். அத்தகைய மரபணு மக்களிடையே மறையாமல் நீடித்தது ஏன்? கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த அந்தோணி ஆலிசன் 1954இல் இதற்கு விடை கண்டார். ஒருவரிடமிருந்து மட்டும் அதனைப் பெற்றவர்களைப் பால்சிபாரம் மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை. மலேரியா மிகுந்த நிலங்களில் தலைமுறைதோறும் அவர்கள் பிழைத்தனர். மரபணுவும் அவர்களுடன் பிழைத்தது.

அவ்வாறு ஒரு மரபணுவை மட்டும் உடையவருக்கு ஈமோகுளோபின் அளவு இயல்பாகவே இருக்கும். சிவப்பணுவின் பருமனிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியாது. வழக்கமான சோதனைத்தாள் அவரை நலமுடையவர் என்றே கூறும். அவர் நலமுடையவரே. ஆனால், அவரைப்போன்ற மற்றொருவரை மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதனை அறிய ஈமோகுளோபினின் வகையைப் பிரித்துக் காட்டும் தனிச்சோதனை தேவை. அதற்கும் சில துளி இரத்தமே போதும்.