திங்கட்கிழமை வயிற்றுவலி

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் கலகலப்பாக இருந்த மகன், படிவம் ஒன்றுக்குத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதிலிருந்து வாயே திறப்பதில்லை. திங்கட்கிழமை என்றால் வயிற்றுவலி. எஸ்.பி.எம். வரை தாக்குப்பிடிப்பானா?
– ஒரு தாய், கிள்ளான்

பதில்: பிடிப்பான், சகோதரி. வயிற்றை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஆனால், வலி அங்கே இருக்காது. ஆறு வருடம் தமிழில் கணக்குப் போட்ட பிள்ளை, இப்போது மலாயில் ஆசிரியர் அடிக்கும் ஜோக்குக்கு எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரிக்கிறான். அதுதான் சங்கடம்.

உடனே டியூஷனுக்கு ஓடாதீர்கள். அவனுக்குக் கூட்டாளி தேடுங்கள். சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு மூன்றிலும் பெயர் கொடுத்திருப்பான். பிடித்த ஒன்றில் உருப்படியாக இறங்கச் சொல்லுங்கள். பந்து உதைக்க இலக்கணம் வேண்டாம். மலாய் தானாக வாயில் வரும்.

பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையா? 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். கேட்கத்தான் ஆளில்லை!

மலாயிலும் வரலாற்றிலும் தேறாமல் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது. தினமும் வரலாற்றுப் பாடநூலில் ஒரு பக்கத்தை உங்களுக்குத் தமிழில் கதையாகச் சொல்லட்டும். பிறகும் டியூஷன் தேவைப்பட்டால், 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் விசாரியுங்கள்.

ஆலோசக ஆசிரியர் என்றால் தப்புச் செய்த பிள்ளைகளுக்குத்தான் என்று நம்மவர்களுக்கு ஒரு நினைப்பு. இந்த வாரமே அவரை நேரில் போய்ப் பாருங்கள். மகனையும் கூட்டிப் போங்கள்.